சிங்காரி மார்க் பீடியும் நஞ்சம்மாவும்

நஞ்சம்மா நிறைந்த மண்கூடையைத் தலைக்கு ஏற்றும்போது இன்னொருவர் கைகொடுக்க வேண்டியதில்லை. குந்தி உட்கார்ந்து கூடையை முதலில் தொடைக்கு இழுப்பார். அங்கே ஒரு மூச்சு. பிறகு மார்போடு அணைத்துத் தோளுக்கு, தோளிலிருந்து தலையில் சுருட்டி வைத்த சும்மாட்டுக்கு. எழுந்து நிற்கும்போது கழுத்து கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். சிறுவயதிலிருந்தே சுமை தூக்கியதால் வந்த சாய்வு அது. சுமை இல்லாதபோதும் போகாது. கிருஷ்ணகிரி அணைக்கட்டு வேலையில் மண் சுமந்த பெண்களில் இப்படித் தனியாக ஏற்றிக்கொள்கிறவர்கள் இரண்டொருவர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் தூக்கிவிட ஆள் தேடி நிற்கும் நேரத்தில் நஞ்சம்மா கரைமேல் பாதி தூரம் போயிருப்பார்.

பர்கூருக்குப் போகும் சாலையோரத்துக் குடியிருப்பு ஒன்று அவருடைய ஊர். கணவர் கங்கப்பன் கல் உடைக்கிறவர். அணைக்கட்டு வேலை தொடங்குவதற்கு முன்பு இருவரும் ஊர்க்காரர்களின் நிலத்தில் கூலிக்கு இருந்தார்கள். அங்கே நஞ்சம்மாவுக்குப் பெயர் கிடையாது. ‘கங்கப்பன் பெண்டாட்டி’ என்றால் போதும். கூலித் தானியத்தையும் கங்கப்பனின் துண்டில்தான் கொட்டுவார்கள். அணைக்கட்டில் சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது மேஸ்திரி ‘நஞ்சம்மா’ என்று உரக்கக் கூப்பிட்டார். நஞ்சம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தன் கையை நீட்டி வாங்கினார். முதல் சனிக்கிழமை அந்தக் கூப்பாட்டைக் கேட்டபோது யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா நின்றிருந்ததாகவும், பக்கத்தில் இருந்த மாரம்மா இடித்துத் தள்ளியதாகவும் பிற்காலத்தில் அவரே சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. மாரம்மா அவருடைய ஓரகத்தி, அணைக்கட்டு வேலையாட்களின் கொட்டகையில் அடுத்த அடுப்பு. இந்தக் கதையில் பெரும்பகுதி மாரம்மா சொன்னதுதான்.

கரை ஓர் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பியிருந்த சமயத்தில் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து ஒரு போட்டோக்காரர் வந்தார். மூன்று கால் பெட்டியும் கறுப்புத் துணியுமாக நடந்து பார்த்துவிட்டு, நஞ்சம்மாவைக் காட்டி மேஸ்திரி வெங்கடப்பனிடம் கன்னடத்தில் பேசினார். இந்தப் பெண்ணைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்கள், வெளிச்சம் முகத்தில் விழவேண்டும் என்றார். கையை இன்னும் தூக்கச் சொல்லுங்கள் என்றார். முகம் நன்றாக இருக்கிறது, கூடைதான் நிழலடிக்கிறது என்றார். நஞ்சம்மாவுக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். அந்தப் பக்கத்தில் சந்தைக்குப் போய்வருகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் போட்டோக்காரர் ஒரு சொல்லும் நஞ்சம்மாவிடம் பேசவில்லை. எல்லாவற்றையும் மேஸ்திரியிடமே சொன்னார், மேஸ்திரி நஞ்சம்மாவைத் தோளைத் தொட்டுத் திருப்பி நிறுத்தினார்.

சுமையோடு நெடுநேரம் நிற்க முடியாது, கூடையை வெறுமையாக்கிவிடலாம் என்று போட்டோக்காரர் சொன்னபோதுதான் நஞ்சம்மா வாய் திறந்தார்.

“வெறுங்கூடைய தூக்கினு நிக்கறதுக்கு நான் இன்னா கூத்தாடியா மேஸ்திரி? மண்ணோடவே எடுக்கச் சொல்லுங்க.”

அப்படியே மண்ணோடு நின்றார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் வெளியே வர நேரமாயிற்று. கூடை அசையவில்லை. நஞ்சம்மா கங்கப்பனின் பழைய சட்டையைச் சேலைமேல் போட்டிருந்தார். அதன் முதுகு முழுவதும் வேர்வையில் நனைந்துவிட்டது. அணைக்கட்டு வேலையைச் சர்க்கார் படம் எடுத்து வைக்கிறது, அதில் தானும் இருக்கிறோம் என்றே நஞ்சம்மா நம்பினார். மேஸ்திரியும் அப்படித்தான் நம்பினார் என்பதை அவருக்காகச் சொல்லிவிட வேண்டும். ஊருக்குப் போனபோது நஞ்சம்மா எல்லோரிடமும், அணைக்கட்டு போட்டோவில் நான் நிற்கிறேன், நிறைகூடையோடு நிற்கிறேன் என்று சொன்னார். சேலத்துக் கலெக்டர் ஆபீஸ் சுவரில் மாட்டுவார்கள் என்று யாரோ சொல்ல, அதுவும் சேர்ந்துகொண்டது.

அடுத்த வெயில் காலத்தில் ஒருநாள் மாலை, அணைக்கட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் கங்கப்பன் உட்கார்ந்திருந்தார். அவரோடு கல் வேலை செய்கிற திம்மராயன் வந்து எதிரே உட்கார்ந்து சட்டைப் பையைத் தட்டினார்.

“இன்னா கங்கப்பா, உன் பொண்டாட்டி காலைலருந்து என் ஜோப்புலதான் கீறா. தேடினியா?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. கங்கப்பனுக்கு விளங்கவில்லை. திம்மராயன் பையிலிருந்து ஒரு பீடிக்கட்டை எடுத்துப் பலகையில் வைத்தார். ‘சிங்காரி மார்க் பீடி’ என்று போட்டிருந்தது. படத்தைப் பார்த்ததும் கங்கப்பன் எழுந்து திம்மராயனின் கழுத்தைப் பிடித்தார். கண்ணாடித் தம்ளர்கள் உடைந்தன. நாலு பேர் சேர்ந்துதான் பிரித்துவிட்டார்கள்.

கொட்டகைக்கு வந்த கங்கப்பன் அந்த லேபிளை அடுப்பின் முன்னால் போட்டார். நஞ்சம்மா அதை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பக்கத்து அடுப்பிலிருந்து மாரம்மாவும் வந்து எட்டிப் பார்த்தார்.

சிவப்புக் கரை, நடுவில் ஒரு பெண். இரண்டு கைகளும் தலைக்குமேல் உயர்ந்திருந்தன. ஆனால் அவற்றின்மேல் கூடை இல்லை. கூடை இருந்த இடத்தில் ஒரு மல்லிகைச் சரத்தை வரைந்திருந்தார்கள். அவள் சோம்பல் முறித்துக்கொண்டே பூ வைத்துக்கொள்வதுபோல ஆகிவிட்டது. சட்டையையும் எடுத்துவிட்டிருந்தார்கள். ரவிக்கை உடம்போடு ஒட்டியிருந்தது, இடுப்பைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள், வேர்வையைக் குளித்துவிட்டு வந்த நீர்த்துளியாக மாற்றியிருந்தார்கள். சுமையால் வந்த கழுத்துச் சாய்வு ஆம்பிளையைப் பார்த்துச் சாய்வதுபோல இருந்தது. முகம் நஞ்சம்மாவின் முகம். முன்கையில் பச்சை குத்திய தேளும் அப்படியே இருந்தது. அலங்காரமென்று நினைத்து விட்டுவைத்தார்கள்போலும். அந்தத் தேளைப் பார்த்துத்தான் ஊர் கண்டுகொண்டது.

நஞ்சம்மா நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டது இதைத்தான் என்று மாரம்மா சொல்கிறார்: “என் கூடை எங்க?”

கங்கப்பனுக்கு அந்தக் கேள்வி எரிச்சலைத் தந்தது. மானம் போகிறது, இவள் கூடையைத் தேடுகிறாள் என்றார். போய் ஏன் நின்றாய் என்றார். மேஸ்திரி நிற்கச் சொன்னார், வேலையைப் படம் எடுக்கிறார்கள் என்று நின்றேன் என்றார் நஞ்சம்மா. நாளையிலிருந்து வேலைக்குப் போகவேண்டாம், ஊருக்குப் போய் வீட்டோடு கிட என்றார் கங்கப்பன்.

“நான் வேலைக்குப் போவலைன்னா அந்தப் படம் அவங்க ஜோப்ப விட்டு இறங்கிடுமா?” என்று நஞ்சம்மா கேட்டார். “நான் தூக்கினத தூக்கிப் போட்டுட்டு இடுப்ப மட்டும் வெச்சிருக்கான். நீ இன்னாடான்னா மிச்சம் கீற வேலையையும் விடுங்கற.”

மறுநாள் நஞ்சம்மா வேலைக்குப் போனார்.

அந்த வாரம் அவருக்குச் சுலபமாக இருக்கவில்லை. பீடி பிடிக்கிற ஆண்கள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். படத்தில் இருக்கிற மாதிரி இல்லையே என்று ஒருவர் குறைபட்டுக்கொண்டார், வாங்கிய சரக்கு சரியில்லை என்பதுபோல. மண்ணில் கிடந்த லேபிள்கள்மேல் கால்கள் நடந்தன. அவர் நடந்த தடத்திலும் கிடந்தன. முதலில் ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். தலையில் சுமையோடு குனிய முடியாது. ஆகவே சுமை இறக்கித் திரும்பும் நடையில் எடுத்தார். பிறகு அதையும் விட்டுவிட்டார். எடுத்து முடிகிற அளவில் இல்லை.

சனிக்கிழமை கூலிக்கு நின்றார்கள். வெங்கடப்பன் பொல்லாதவர் இல்லை, வேடிக்கை பேசுகிறவர். வரிசையாகப் பெயர் கூப்பிட்டுக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, கண்ணைச் சிமிட்டி, “சிங்காரி” என்று கூப்பிட்டார். கூட்டம் சிரித்தது. நஞ்சம்மா நகரவில்லை. அட வாம்மா, உன்னைத்தான் என்றார். நகரவில்லை. மேஸ்திரி அடுத்த பெயருக்குப் போனார். எல்லோரும் வாங்கிக்கொண்டு போன பிறகும் நஞ்சம்மா அதே இடத்தில் நின்றார். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்ன ஆகும் என்று பார்த்தார்கள். கடைசியில் வெங்கடப்பன் பையைக் கட்டப்போனவர் திரும்பி, “நஞ்சம்மா” என்று கூப்பிட்டார். நஞ்சம்மா போய்க் கையை நீட்டினார்.

அதன் பிறகு வெங்கடப்பன் வாயிலிருந்து அந்த இன்னொரு பெயர் வந்ததில்லை. ஆனால் மேஸ்திரி வாயை மூடினால் லேபிள் நின்றுவிடாது. நஞ்சம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: தன் முகம் பீடிக்கட்டிலிருந்து இறங்கவேண்டும். அதை யார் போட்டாரோ அவரிடமே போய்க் கேட்பது என்று தீர்மானித்தார். கங்கப்பன் தானும் வந்து அவன் பல்லை உடைப்பதாகச் சொன்னார். நீ வந்தால் அது உன் சண்டையாகிவிடும், நீ வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேலை இல்லாத நாளில் மாரம்மாவைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

பீடிக் கம்பெனி கிருஷ்ணகிரிப் பழையபேட்டையில் ஓர் ஓட்டு வீடு. முன்னறையில் முதலாளி ராஜப்பன். அதற்குப் பின்னால் லேபிள் ஒட்டும் கூடம். அதற்கும் பின்னால் முற்றத்தில் கட்டுகளை வாட்டுகிற அடுப்பு. பீடியை வீடுகளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கட்டுவதும் ஒட்டுவதும் வாட்டுவதும் அங்கே நடக்கும். முன்பு அந்தக் கம்பெனி பீடிக்கு ஒரு கிளிப் படம்தான் லேபிள். அது சரியாகப் போகவில்லை. போட்டோக்காரரிடம் படத்தை வாங்கிச் சிவகாசிக்கு அனுப்பிச் ‘சிங்காரி’யாக அச்சடித்த பிறகு ஊத்தங்கரை, திருப்பத்தூர் வரை சரக்கு போயிற்று.

ராஜப்பன் நஞ்சம்மாவைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தைப் பார்த்தார், முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. உண்மையில் அவர் அந்தப் படத்தில் ஒரு குற்றமும் காணவில்லை. வெகுமதி கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, ஒரு சேலை கொடுத்து அனுப்பலாம் என்று மனதில் கணக்கும் போட்டுவிட்டார்.

“உன் மூஞ்சி வந்த நேரம்மா, கம்பெனியே நிமிந்துக்கிச்சு. லட்சுமி மாதிரி வந்தே.”

“நான் லட்சுமி இல்லீங்க முதலாளி. நஞ்சம்மா. அந்தப் படத்த எடுத்துடச் சொல்லத்தான் வந்தேன்.”

ராஜப்பனுக்குப் புரியவில்லை. படத்தைக் களவாடவில்லை, போட்டோக்காரரிடம் விலை கொடுத்து வாங்கியது என்றார்.

“அவரு எங்கிட்ட வாங்கலீங்களே.”

ராஜப்பன் சிரித்தார். “இன்னாம்மா நீ. மாடு வாங்கறவன் வித்தவங்கிட்ட கேப்பானா, மாட்டுகிட்ட கேப்பானா?”

அதை அவர் வைததாகச் சொல்ல முடியாது என்கிறார் மாரம்மா. நல்ல வேடிக்கை சொல்லிவிட்டோம் என்ற திருப்தியோடுதான் சொன்னார். நஞ்சம்மா, எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான் என்று முன்பு சொன்னதையே சொன்னார். அச்சடித்த லேபிள் மச்சுவரை அடுக்கிக் கிடக்கிறது, தீரும்வரை ஒட்டத்தான் வேண்டும், மனதில் வைத்துக்கொள்ளாதே, பின்னால் முற்றத்தில் தண்ணீர் கொடுப்பார்கள், குடித்துவிட்டுப் போ என்றார் ராஜப்பன்.

முற்றத்துக்குப் போகக் கூடத்தைக் கடக்க வேண்டும். அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையின் முறை இதுதான்: லேபிள் அடுக்கைப் பலகையின்மேல் படம் கீழே பார்க்கும்படி கவிழ்த்து வைத்துக்கொள்வார்கள். மேலே தெரிகிற வெள்ளை முதுகில் கூழ்ப்பசையைத் தடவி, அதன்மேல் பீடிக்கட்டை வைத்து ஒரே உருட்டாக உருட்டினால், கட்டைச் சுற்றிப் படம் வெளிப்பக்கமாக வந்து ஒட்டிக்கொள்ளும். பழகிய கைக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அடுக்கு எப்படி வைக்கப்பட்டிருக்கிறதோ அதைப் பொறுத்ததுதான் மற்றதெல்லாம்.

கூடத்தில் மூத்தவர் சென்னம்மா. நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தவர், கையிலிருந்த கட்டைப் பார்த்தார். பிறகு நஞ்சம்மாவின் முன்கையைப் பார்த்தார்.

“ஏம்மே, இது நீயா?”

“நான்தாங்க்கா. ஆனா இப்படி இல்ல.” நஞ்சம்மா இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக் காட்டினார். “இங்க மண்ணுக்கூடை இருந்துச்சு. நெறகூடை. அத எடுத்துட்டாங்க. முதலாளிகிட்ட வேணான்னு சொல்லிட்டு வரேன்.”

கூடத்தில் கைகள் நின்றுவிட்டன. தூக்கிய கைகளில் இருந்த காய்ப்பை எல்லோரும் பார்த்தார்கள். படத்தில் அந்தக் கைகள் வாழைத்தண்டுபோல இருந்தன. முதலாளி பேசியதும் நஞ்சம்மா பேசியதும், மாட்டைப் பற்றிச் சொன்னதும், மெல்லிய தட்டியைத் தாண்டி முன்பே அவர்கள் காதில் விழுந்திருந்தன.

“தெனமும் ஒட்டறோம் தாயி,” என்றார் சென்னம்மா. “இது ஒரு ஆளுன்னு எங்களுக்கே தோணல பாரு.”

நஞ்சம்மா அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. இதை மாரம்மா திரும்பத் திரும்ப உறுதியாகச் சொல்கிறார், ஏனென்றால் பிற்காலத்தில் நஞ்சம்மா கூடத்துப் பெண்களைத் தூண்டிவிட்டார் என்று சிலர் பேசினார்கள். தண்ணீர் குடித்தார்கள், நடந்து திரும்பினார்கள், மறுநாள் மண் சுமக்கப் போனார்கள்.

அதே காலையில் சென்னம்மா தன் பலகையில் லேபிள் அடுக்கை நிமிர்த்தி வைத்தார். படம் மேலே இருந்தது. படத்தின்மேலேயே பசையைத் தடவிக் கட்டை உருட்டினார். படம் உள்ளே போய்ப் பீடியோடு ஒட்டிக்கொண்டது. வெளியே வெறும் வெள்ளை. பக்கத்தில் இருந்த சரசம்மா பார்த்தார், தன் அடுக்கையும் அப்படியே வைத்தார். மத்தியானத்துக்குள் கூடம் முழுவதும் வெள்ளைக் கட்டுகள். பெட்டி அடுக்குகிறவர் வந்து இது என்ன புதுசு என்று கேட்டதற்கு, முதலாளியைப் போய்க் கேள் என்றார்கள். அவருக்கு முதலாளியிடம் போய்க் கேட்கப் பயம். வெள்ளைக் கட்டுகள் பெட்டிக்குள் போய் மாட்டுவண்டி ஏறிவிட்டன.

கடைக்காரர்கள் திருப்பி அனுப்பியபோதுதான் ராஜப்பனுக்குத் தெரிந்தது. மொட்டைக் கட்டு வேண்டாம், இது யார் பீடி என்றே தெரியவில்லை என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். கூடத்துக்கு வந்து கத்தினார். தவறுதலாகச் செய்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சென்னம்மா எழுந்து நின்று சொன்னார்:

“தப்பா ஒட்டலீங்க. அந்தப் பொண்ணு வந்து வேணான்னு சொல்லிட்டுப் போச்சு, நாங்களும் கேட்டுக்கினுதான் இருந்தோம். வேணான்னு சொன்னவ மூஞ்சில பசை தடவ கை வரலீங்க.”

ராஜப்பன் எல்லோரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டு வேறு ஆட்களைப் போட்டார். புதிய கைகளில் லேபிள் கிழிந்தது; பசை அதிகமாகிக் கட்டுகள் ஈரம் குடித்தன, அடுப்பில் வாட்டியும் காயாமல் பூசணம் பிடித்தன. வந்தவர்களும் பழையபேட்டைக்காரர்கள்தான். சென்னம்மா வீட்டு வாசலைக் கடந்துதான் வேலைக்கு வரவேண்டும். சில நாளில் அவர்களும் நின்றுவிட்டார்கள். ராஜப்பனின் மனைவி லட்சுமியம்மாள் அந்த நாட்களில் சாப்பாடு பரிமாறும்போது அவரிடம் ஏதோ கேட்டார் என்றும், அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார் என்றும் சொல்கிறார்கள். என்ன கேட்டார் என்று தெரிந்தவர் யாரும் இல்லாததால் அதை இங்கே எழுதவில்லை.

ஒருநாள் மத்தியான ஓய்வு வேளையில் அணைக்கட்டுக்குக் குதிரைவண்டி ஒன்று வந்தது. ராஜப்பன் இறங்கினார். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு சேலை. மேஸ்திரி ஓடிவந்து துண்டால் கல்லைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னார். சோற்றுச் சட்டிகளை வைத்துவிட்டு ஆணும் பெண்ணுமாகக் கூடிவிட்டார்கள். கங்கப்பனும் கல்லுளியோடு வந்து நின்றார். நஞ்சம்மா கை கழுவிக்கொண்டு வந்தார்.

ராஜப்பன் உட்காரவில்லை. வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார்.

“ஏம்மா, சிவகாசிக்காரன் இஷ்டத்துக்கு வரைஞ்சுட்டான். அது தப்புதான். நான் மறுபடி எழுதி, உன்ன இருக்கறாப்பலயே போடச் சொல்றேன். கூடை, மண்ணு, சட்டை, எல்லாம். சிங்காரி வேணாம், ‘நஞ்சம்மா மார்க்’னே பேரும் போட்டுடறேன். இன்னா சொல்ற, சம்மதமா?”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. இதைவிட என்ன வேண்டும் என்று பலரும் சொன்னார்கள். வெங்கடப்பன், ஊரெல்லாம் உன் பேரைச் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள் என்றார். கங்கப்பனின் முகம் வெகுநாளுக்குப் பிறகு தெளிந்திருந்தது. நிறைகூடையோடு நிற்கிற பெண்டாட்டியின் பெயர் எழுதிய படம் கடைகடையாக இருப்பதை அவர் அந்த இடத்திலேயே பார்த்துவிட்டார். மாரம்மாவே பின்னாலிருந்து இடித்தார், முதல் கூலி நாளில் இடித்ததுபோல.

நஞ்சம்மா யோசித்தார். அவருக்கும் ஆசையாகத்தான் இருந்திருக்கும்.

“நான் வேணான்னு சொன்னா இன்னா பண்ணுவீங்க?” என்று கேட்டார்.

ராஜப்பன் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. தட்டைக் கைமாற்றிப் பிடித்தார். “வேணான்னா… பழைய கிளியத்தான் போடணும்.”

“போட்டுடுவீங்களா?”

“போட்டுத்தானே ஆவணும். கூடத்துல ஒருத்தியும் கை வெக்க மாட்டேங்கறாளே.”

“இப்பத்தாங்க முதலாளி முதல் தடவையா எங்கிட்ட கேக்கறீங்க. கேட்டதுக்கு சந்தோசம். எனக்கு வேணாங்க.”

கங்கப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நஞ்சம்மா அவர் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“கூடையோட போட்டாலும் கட்டப் பிரிச்சதும் லேபிள கீழதான்யா போடுவான். நான் தூக்கற மண்ணு கரைல கீது. அது போதும் எனக்கு. மூஞ்சி எங்கிட்டயே இருக்கட்டும்.”

சேலையையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். ராஜப்பன் வற்புறுத்தவில்லை. வண்டி ஏறும்போது, மிச்ச லேபிளை என்ன செய்வது என்று, யாரையும் கேட்பதுபோல் இல்லாமல், கேட்டார். அடுப்புக்குப் போடுங்கள், நான் வந்து பார்க்கிறேன் என்றார் நஞ்சம்மா.

எல்லாம் அன்றோடு துடைத்துவிட்டதுபோல முடிந்துவிடவில்லை. முன்பே போன சரக்கு கடைகளில் இருந்தது. ஊத்தங்கரைப் பக்கத்துக் கடை ஒன்றின் சுவரில் அந்தப் படம் நிறம் வெளுக்கும்வரை ஒட்டியிருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. திம்மராயன் போன்றவர்கள் கொஞ்ச காலம் முதுகுக்குப் பின்னால் பழைய பெயரைச் சொல்லிப் பார்த்தார்கள். நஞ்சம்மா திரும்பிப் பார்க்காததால் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். கம்பெனியில் கிளிப் பீடி முன்புபோலவே மெதுவாகத்தான் போயிற்று, ஆனாலும் போயிற்று. சென்னம்மாவும் மற்றவர்களும் பழைய இடத்துக்கே வேலைக்கு வந்துவிட்டார்கள்.

அடுத்த ஓய்வு நாளில் நஞ்சம்மா சொன்னபடி கிருஷ்ணகிரிக்குப் போனார். இந்த முறை கங்கப்பனும் வந்தார். நானும் வரட்டுமா என்று கேட்டு, சரி என்ற பிறகு வந்தார். முற்றத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சென்னம்மா மச்சிலிருந்து லேபிள் கற்றைகளை இறக்கிக் கொண்டுவந்து, விறகுக்குப் பதிலாக அடுப்பில் வைத்தார். சிவப்பு மை பச்சையாக எரிந்தது. கற்றைகள் ஓரத்திலிருந்து சுருண்டு உள்ளே போயின. மேலே இரும்புத் தட்டுகளில் அன்றைய கட்டுகள் அந்தச் சூட்டில் வாடின. நஞ்சம்மா கடைசிக் கற்றை தீரும்வரை நின்று பார்த்தார்.

புதிதாகச் சேர்ந்த ஒருத்தி கூடத்திலிருந்து எட்டிப் பார்த்து, இது யார் என்று சென்னம்மாவைக் கேட்டாள்.

“நஞ்சம்மா,” என்றார் சென்னம்மா. “அணைக்கட்டுல மண்ணு சுமக்கறாங்க. கூடைய ஒத்தையாவே ஏத்துவாங்களாம்.”

எப்படி என்று அவள் கேட்டாள். நஞ்சம்மா முற்றத்தில் கிடந்த இலைக்கூடை ஒன்றை இழுத்து, சேலையைச் செருகிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து காட்டத் தொடங்கினார்.